திருகோணமலைக்கு மேலே ஒரு சிறுகோள்: வரும் நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

பூமி சுழலுவதால் திருகோணமலை செக்கனுக்கு 460 மீற்றர் வீதம் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. சிறுகோள் மோதலைக் கணிப்பவர்கள் இந்த எண்ணை ஒருபோதும் மறப்பதில்லை. கோணேசர் கோயிலுக்கு நேர் மேலே வளிமண்டலத்துக்குள் நுழைய வேண்டிய கல், அதே பாதையில் ஒரு நிமிடம் பிந்தி வந்தால் ஏறக்குறைய 28 கிலோமீற்றர் மேற்கே நுழையும். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடப் பிந்தினால் அநுராதபுரப் பக்கம் போய்விடும். நேரத்தைப் பிடித்தால்தான் இடத்தைப் பிடிக்கலாம்.

அரிசோனாவில் உள்ள கட்டலினா வானாய்வுத் திட்டத்தின் தொலைநோக்கிகள் ஒரே வான்பகுதியைச் சில நிமிட இடைவெளியில் நான்கு தடவை படமெடுக்கின்றன. நட்சத்திரங்கள் அப்படியே நிற்க, நகரும் புள்ளியை மென்பொருள் பிரித்தெடுக்கிறது. இதிலிருந்து புள்ளியின் திசையும் அது எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகர்கிறது என்பதும் தெரியும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நம்மை நோக்கி எவ்வளவு வேகமாக வருகிறது என்ற இரண்டும் தெரியாது. சிக்கல் முழுக்க இங்கேதான். நேரே நம்மை நோக்கி வரும் கல் பக்கவாட்டில் அதிகம் நகராது. படத்தில் தூரத்துச் சிறுகோள் போலச் சாதுவாகத் தெரியும்.

நாசாவின் ‘ஸ்கவுட்’ மென்பொருள் அந்த இரண்டு எண்களுக்கும் சாத்தியமான பெறுமானங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்து, அவற்றில் எத்தனை பாதைகள் பூமியில் முடிகின்றன என்று கணக்கிடுகிறது. விகிதம் உயர்ந்தால் உடனே வேறு வானாய்வு நிலையங்களுக்குத் தகவல் போகும். இரண்டாவது கண் கிடைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. 5000 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கும் இருவர் ஐந்து இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்லைப் பார்த்தால், அதன் இடம் முழுநிலவின் அகலத்துக்கும் சற்றுக் கூடுதலாக விலகித் தெரியும். தூரம் கையில் வந்துவிடும். ஆனால் கமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். செக்கனுக்கு 17 கிலோமீற்றர் போகும் கல்லுக்கு ஒரு செக்கன் பிழை சின்னப் பிழையல்ல. அதனால்தான் கடிகாரத்தை ஜி.பி.எஸ். செய்மதி நேரத்தோடு பொருத்துகிறார்கள்.

முதல் வெற்றி 2008 ஒக்டோபரில். ஏறக்குறைய 4 மீற்றர் அகலமுள்ள ‘2008 ரிசி3’ வருவதைச் சுமார் 19 மணித்தியாலம் முன்பே சொன்னார்கள். சொன்னபடியே சூடானின் நூபியப் பாலைவனத்தில் துண்டுகள் கிடைத்தன. இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 2015 நவம்பர் 13 அன்று முற்பகல் 11.48 அளவில், தென்கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே, முன்கூட்டியே கணிக்கப்பட்ட ஒரு பொருள் எரிந்தது. சூரிய ஒளியின் மெல்லிய தள்ளுகையே அதன் பாதையைக் கண்கூடாக மாற்றியிருந்ததால், அது கல்லல்ல, உள்ளே வெறுமையான விண்வெளிக் கழிவு என்று முன்பே தெரிந்திருந்தது.

பருமனைச் சொல்வது இன்னும் கடினம். கரிய கல் ஒளியில் 4 வீதத்தைத் திருப்பும், வெளிறிய கல் 40 வீதத்தையும் திருப்பலாம். ஒரே பிரகாசத்துக்கு விட்டத்தில் மூன்று மடங்கு வித்தியாசம், திணிவில் முப்பது மடங்கு. ஒரு மீற்றர் கற்கோளம் என்றால் ஒன்றரைத் தொன்னுக்குச் சற்று மேல், சுமார் 50 தொன் ரி.என்.ரி. வெடிமருந்து அளவு சக்தி. அதில் பெரும்பகுதி உயரத்திலேயே தீர்ந்துவிடும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல் சுமார் 19 மீற்றர். 2013இல் அது சூரியன் இருக்கும் பக்கமிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. வேறு கற்கள் கடைசி நேரத்தில் பூமியின் நிழலுக்குள் நுழைந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு அவதானிக்க வழியில்லை, கணக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

எரியும் கல்லின் ஒளி அணைந்த பின்னும் வேலை முடிவதில்லை. உடைந்த துண்டுகள் வேகமிழந்து, ஒளியின்றி, காற்றின் போக்கில் விழுகின்றன. யூலை மாதத்துத் திருகோணமலையில் இது தலைவலி: 15 கிலோமீற்றர் உயரத்தில் பலமான கீழைக்காற்று துண்டுகளை மேற்கே தள்ளும், தரைக்கு அருகே கச்சான் என்னும் மேல்காற்று கிழக்கே தள்ளும். எடை குறைந்தவை அதிகம் அலையும். ஆகவே வானிலைப் பலூன் எடுத்த அன்றைய காற்று அளவீடு இல்லாமல் தேடப் போவது வீண் அலைச்சல். கல் மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்வாகப் பாய்ந்திருந்தால் பெரிய துண்டுகள் அதிக தூரம் போய்க் கடலில் விழும். நகருக்கு மேற்கே கன்னியாப் பக்கம் தேடுபவர்களுக்கு மிஞ்சுவது சில கிராம் துண்டுகள்தான்.