இம்யூனிட்டி: இறையிலியா, காப்பா?

தாராவியில் மழை பிடித்துவிட்டால் பேச்சு தானாகக் கொசுவில் வந்து நிற்கும். போன வாரம் முக்குக் கடை அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, புனேயிலயே மலேரியாவுக்கு ஊசி தயாரிக்காவளாமே. ஒருவாட்டி போட்டா ஆயுசுக்கும் இம்யூனிட்டிதான?"

அவர் கேட்டது ஊசியைப் பற்றி. எனக்கு அந்தக் கடைசிச் சொல்லில்தான் கண்.

லத்தீனில் 'மூனுஸ்' என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, கட்ட வேண்டிய வரி. அதிலிருந்து விலக்குப் பெற்றவன் 'இம்யூனிஸ்'. நம் கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி' கிட்டத்தட்ட இதே சொல்தான்: இறை என்பது வரி, அது இல்லாத நிலம் இறையிலி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் அந்த லத்தீன் வழிச் சொல்லை நோய்க்கு எடுத்துக்கொண்டார்கள்.

இறையிலி கொடுத்தவர்கள் 'சந்திராதித்தவரை' என்று கல்லில் வெட்டினார்கள், நிலவும் சூரியனும் உள்ள மட்டும் என்று. தட்டம்மை ஒருமுறை வந்துபோனவர்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அந்த வகை. மலேரியாவில் அது நடக்காது. கொசு கடித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒட்டுண்ணி கல்லீரலுக்குள் புகுந்துவிடும். அதற்குள் பிடிக்க வேண்டுமானால் எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம், ஏற்கெனவே ரத்தத்தில் நிறைய இருந்தாக வேண்டும். எதிரியை நினைவு வைத்திருந்து அப்புறம் தயாரிக்க நேரமில்லை. அந்த எதிர்ப்பொருளோ ஊசி போட்ட முதல் சில மாதங்களிலேயே மளமளவென்று இறங்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் பரிந்துரைத்த ஆர்21 (அண்ணாச்சி சொன்ன புனே ஊசி) என்ற இரண்டு மலேரியா ஊசிகளுக்கும் மூன்று தவணைக்குப் பிறகு நான்காவதும் உண்டு. ஆர்டிஎஸ்,எஸ் சோதனை ஆப்பிரிக்காவில் 7 நாடுகளில் நடந்தது. 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் மலேரியா சுமார் பாதி குறைந்தது. நான்கு தவணையும் போட்டு நான்கு ஆண்டு பார்த்தபோது அந்தக் குறைவு 39 விழுக்காடு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நோய் எதிர்ப்பு சக்தி' எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் கொரோனா காலத்தில் கஷாயப் பொட்டலம் தவறாமல் அந்தச் சொல்லை அச்சிட்டு, அதை உடம்புத் தெம்பாக்கிவிட்டார்கள். 'தடுப்பாற்றல்' துல்லியமானது, பொதுவாக எழுத அதுவே போதும். மலேரியா ஊசிக்கு மட்டும் என் ஓட்டு 'நோய்க்காப்பு'. மாரியம்மன் கொடைக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுகிறோம். கொடை முடிந்ததும் அவிழ்க்கிறோம். அடுத்த ஆண்டு திரும்பக் கட்டுகிறோம். கெடு வைத்த பாதுகாப்பு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அண்ணாச்சியிடம் இதைத்தான் சொன்னேன். அந்த ஊசி ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குத்தான் போகிறது, நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை என்றும் சொன்னேன். நகரத்து மலேரியாக் கொசு மொட்டைமாடித் தொட்டியின் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்றதும் எழுந்துவிட்டார்.

"கடையப் பாத்துக்கிடும், டேங்கு மூடி விரிஞ்சு கிடக்கு."