இன்ஃப்ளேமபிள்: எரியுமா, எரியாதா?

தொழிற்சாலைகளில் தீப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. வகுப்பு முடிந்ததும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பேன். ஏழாவது கேள்வி இது: 'தின்னர் டப்பாவில் இன்ஃப்ளேமபிள் என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்?' பெயிண்ட் பிரிவில் சேர்ந்து மூன்றே நாளான ஒரு தம்பி, முத்து முத்தான கையெழுத்தில் 'தீப்பிடிக்காது' என்று எழுதியிருந்தார்.

கூப்பிட்டுக் கேட்டேன். "சார், முன்னாடி இன் வந்தா இல்லைன்னுதானே அர்த்தம்? கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். அப்போ ஃப்ளேமபிள் எரியும், இன்ஃப்ளேமபிள் எரியாது" என்றார். தப்புச் சொல்ல முடியவில்லை. பள்ளியில் ஆங்கில இலக்கணத்தை ஒழுங்காகப் படித்த பையன். பாடத்தைக் கவனிக்காதவர்கள் எல்லாரும் டப்பாவில் இருந்த நெருப்புப் படத்தைப் பார்த்துச் சரியாக எழுதிவிட்டார்கள். படித்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றும் என்று பொருள். ஃப்ளேமபிள் என்றாலும் அதேதான். இரண்டுக்கும் நூலளவு வித்தியாசம்கூட இல்லை. எரியாது என்று சொல்ல வேண்டுமானால் நான்ஃப்ளேமபிள் என்று போட வேண்டும்.

குழப்பம் லத்தீனிலிருந்து வருகிறது. அந்த மொழியில் 'ஃப்ளாம்மா' என்றால் தீச்சுடர். 'இன்ஃப்ளாம்மாரே' என்றால் தீ மூட்டுவது. இங்கே 'இன்' என்பது 'உள்ளே', 'அதற்குள்' என்ற பொருளில் வருகிறது. லத்தீனில் மறுப்பைச் சொல்ல இன்னொரு 'இன்' இருக்கிறது. ஒலியும் எழுத்தும் ஒன்று, பிறப்பு வேறு. தமிழிலும் பாருங்கள்: அநீதி, அசுத்தம் என்பவற்றில் 'அ' மறுப்பு. அதற்காக அமைதி என்றால் 'மைதி இல்லாதது' என்று யாரும் பிரிப்பதில்லை. தாய்மொழி என்பதால் நமக்கு அது தானாகத் தெரிகிறது. கடன் வாங்கிய மொழியில் விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் இந்த இரண்டு 'இன்'களையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பதுதான் கொடுமை. கம்பஸ்டிபிள் என்றால் எரியக்கூடியது, இன்கம்பஸ்டிபிள் என்றால் எரியாதது. அங்கே மறுப்பு, பக்கத்திலேயே இருக்கும் இன்ஃப்ளேமபிளில் மறுப்பு இல்லை. இன்ஹேபிடபிள் என்றால் குடியிருக்கத் தகுந்தது. தகாதது என்பதற்கு அன்இன்ஹேபிடபிள் என்று இன்னொரு ஒட்டைச் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துவிட்டு சிகரெட் பற்றவைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எழுத்துக்கூட்டலிலும் ஒரு சிக்கல் உண்டு: ஐ, என், எஃப், எல், ஏ, எம், எம், ஏ, பி, எல், ஈ. நடுவில் இரண்டு எம். லாரிகளின் பின்னால் ஒரே எம்முடன் எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனத்தில் நிற்க வழி, டாக்டர் சொல்லும் இன்ஃப்ளமேஷன். மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் அந்தப் பெயர். உள்ளே தீ மூண்டது போல என்பதால் அதே லத்தீன் வேர், அதே இரண்டு எம்.

இரண்டு சொற்களில் மூத்தது இன்ஃப்ளேமபிள்தான். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து புழங்குகிறது. ஃப்ளேமபிள் 19ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியும் அதிகம் எடுபடவில்லை. அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டியவர்கள் தீப் பாதுகாப்புக்காரர்கள். 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், இன்ஃப்ளேமபிளை விட்டுவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதே பக்கம் வந்தது. இலக்கணப்படி பழைய சொல்லில் ஒரு பிழையும் இல்லை. உயிருக்குத்தான் அது ஒத்துவரவில்லை. ஆனால் நம் ஊர் டேங்கர் லாரிகளில் இன்னமும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்றுதான் கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் வகுப்பில் நான் சொல்வது: சொல்லைப் படிக்காதீர்கள், படத்தைப் பாருங்கள். சாய்ந்த சதுரத்துக்குள் தீச்சுடர் இருந்தால் முடிந்தது, எரியும். சதுரம் முழுக்கச் சிவப்பாக இருந்து அடியில் 3 என்று போட்டிருந்தால் எளிதில் தீப்பற்றும் திரவம். டேங்கர் என்றால் ஐ.நா. எண்ணும் இருக்கும்: பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, சமையல் எரிவாயுவுக்கு 1075. லாரி கவிழ்ந்தால் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யும்போது அந்த நாலு இலக்கத்தைச் சொன்னாலே என்ன சரக்கு என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். கிட்டே போய்ப் பார்க்க வேண்டாம், தள்ளி நின்று படிக்க முடிந்தால் போதும்.

எது எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதற்கு ஃப்ளாஷ் பாயின்ட் என்று ஓர் அளவு இருக்கிறது. திரவத்துக்கு மேல் நிற்கும் ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்கிற மிகக் குறைந்த வெப்பநிலை அது. பெட்ரோலுக்கு இது பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. அதாவது நம் ஊரில் எந்த நேரமும் தயார். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான். கைக்குப் பூசும் ஆல்கஹால் சானிடைசர் நம் அறை வெப்பத்திலேயே பற்றும். பூசிய கை காயும் முன்பே அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். இந்தியப் பெட்ரோலியச் சட்டம் பெயர் வம்புக்கே போகாமல் எண்ணை வைத்துப் பிரிக்கிறது: 23 டிகிரிக்குக் கீழே ஏ வகுப்பு, அங்கிருந்து 65 வரை பி, அதற்கு மேல் 93 வரை சி.

இன்ஃப்ளேமபிளை விட அதிகமாக ஆளை ஏமாற்றும் ஒரு சொல் உண்டு. அது நம் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த 'காலி'.

பெஞ்சமின் லீ வோர்ஃப் என்றொரு அமெரிக்கர். பேசும் மொழி நம் சிந்தனையை வளைக்கிறது என்று சொன்ன மொழியியலாளராகத்தான் அவரைப் பலருக்குத் தெரியும். சம்பளத்துக்கு அவர் பார்த்த வேலை வேறு. வேதிப் பொறியியல் படித்துவிட்டு, 1919 முதல் ஒரு தீக் காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பொறியாளராக இருந்தார். தீ எப்படி வந்தது என்ற அறிக்கைகளைப் படித்துப் படித்து ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களின் பக்கத்தில் எல்லாரும் பயந்து நடக்கிறார்கள். காலிப் பீப்பாய்கள் கிடக்கும் இடத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள், துண்டை அங்கேயே வீசுகிறார்கள். காலி என்ற சொல் அவர்களுக்கு 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டது.

உண்மையில் நிரம்பிய பீப்பாய்க்குள் காற்றுக்கு அதிக இடம் கிடையாது. காலியானதில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு இருந்தாலே வெடிக்கப் போதும். அது காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால், மூடி திறந்து கிடந்தாலும் சீக்கிரம் வெளியேறாமல் அடியில் தேங்கும்.

நான் நேரில் பார்த்தது ஒன்று. ஒரு சிறிய பட்டறையில், 200 லிட்டர் தின்னர் டிரம்மைக் குப்பைத் தொட்டியாக்க, கேஸ் கட்டரால் மேல்பக்கத்தை வெட்டப் போனார்கள். "ரெண்டு மாசமா காலியாத்தான் சார் கிடக்கு" என்றார் மேஸ்திரி. பக்க மூடியைத் திருகித் திறந்து, அவரையே கிட்டே வந்து மோந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கியவர், கட்டரை அணைத்துவிட்டு வாருங்கள் என்று பையனிடம் தானே சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்குப் பேச வேலை இருக்கவில்லை. டிரம்மைச் சுத்தம் செய்து தரும் ஆட்களிடம் அனுப்பிவிட்டு, தொட்டிக்குப் புதுத் தகரம் வாங்கினார்கள்.

ஏழாவது கேள்வியில் மாட்டிய தம்பியின் தொழிற்சாலைக்கு மறுபடி போனபோது, ஸ்டோரின் பின்புறம் பயன்படுத்திய டிரம்கள் வரிசையாக நின்றன. முன்பு அந்தச் சுவரில் 'எம்ப்டி டிரம்ஸ்' என்று பலகை இருக்கும். அதை எடுத்துவிட்டு, முத்து முத்தான அதே கையெழுத்தில் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருந்தார்: 'காலி இல்லை. ஆவி இருக்கு.'