காயும்போது கெடும் தோல்

ரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோல் விரிப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம், "அதைத் தண்ணியில போடக் கூடாதுங்க" என்பதுதான். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறவரும் இதையே சொல்வார். ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் வாங்கிவந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோ மேல் சுருட்டி வைத்திருக்கும் சேலத்து அம்மாவும் இதையே சொல்வார். பாதிதான் சரி. முறையாகப் பதனிட்ட தோல், பதனிடும் சாலையில் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்துதான் வெளியே வருகிறது. தண்ணீர் அதற்குப் புதிதல்ல. பெரும்பாலான விரிப்புகள் கெடுவது நனையும்போது அல்ல, பிறகு காயும்போது.

இதைப் புரிந்துகொள்ள சேலத்தைவிட வாகான ஊர் கிடையாது. கீழே ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் வெயில். சுமார் 30 கிலோமீட்டர் சாலையும் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் மதியம் வரைக்கும் விலகாத மூடுபனி. நனைந்த விரிப்பைக் கீழே மொட்டை மாடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் அப்பளமாக விறைத்துவிடும். மேலே தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் ஒரு வாரமானாலும் காயாது, பூசணம் பூத்துவிடும்.

இந்த விரிப்புக்கும் நம் ஊர் ஆட்டுக்கும் உறவு குறைவு. சேலம் மாவட்டத்தின் சொந்த இனமான மேச்சேரி ஆட்டின் உடம்பில் இருப்பது குட்டை முடி, கம்பளி அல்ல. கறிக்கும் தோலுக்கும்தான் அதை வளர்க்கிறார்கள். தோல் வியாபாரத்தில் மேச்சேரித் தோலுக்கு நல்ல பெயர் உண்டு. அந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. விரிப்புக்கு வேண்டியதோ குளிர்நாட்டுச் செம்மறியின் அடர்ந்த கம்பளி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பச்சைத் தோல் வந்ததும் முதல் வேலையாகச் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நீரில் ஊறப்போட்டு முடியைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். விரிப்புக்கான தோலில் முடி தங்க வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போக முடியாது. இந்த ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொண்டால் துவைப்பதில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சுண்ணாம்பு போன்ற காரம் (ஆல்கலி) முடியைக் கரைக்கும். வீட்டுச் சோப்புத்தூளிலும் இருப்பது காரம்தான். வேகம் குறைவு, அவ்வளவே.

மேலே இருக்கும் ரோமம் கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் அதே இனம். அந்தப் புரதச் சங்கிலிகளைக் கந்தக அணுக்களின் ஜோடிகள் குறுக்காகப் பிணைத்திருக்கின்றன. சல்பைடும் காரமும் குறிவைப்பது இந்தக் கந்தகப் பிணைப்பைத்தான். வெளுப்பதற்குப் போடும் பிளீச்சிங் திரவம் இன்னும் மோசம். அது கம்பளியை மொத்தமாகவே கரைத்துவிடும். 'என்சைம்' என்று பெருமையாக அச்சடித்த சோப்புத்தூளையும் தவிர்க்க வேண்டும். ரத்தக் கறை, பால் கறை போன்ற புரதக் கறைகளைத் துண்டாக்கும் நொதிதான் அதில் இருக்கிறது. கறைப் புரதம் எது, கம்பளிப் புரதம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஒவ்வொரு ரோம இழையின் மேலும் நுண்ணிய செதில்கள், எல்லாம் நுனியைப் பார்த்தபடி படிந்திருக்கும். அதனால் இழை வேர்ப்பக்கமாக எளிதில் நகரும், நுனிப்பக்கமாக நகர மறுக்கும். ஈரத்தில் கசக்கினால் இழைகள் ஒரே திசையில் ஊர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். துவைத்த ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாகச் சுருங்குவது இப்படித்தான். விரிப்பில் வேர்கள் தோலில் ஊன்றி நிற்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மேல்பரப்பு சடை பிடிக்கும். ஆகவே கசக்கல், முறுக்கல், பிரஷ் போட்டுத் தேய்த்தல் மூன்றும் வேண்டாம். அமுக்கி அமுக்கி விடுவதே துவைத்தல்.

அடியில் இருக்கும் தோல் வேறொரு புரதம், கொலாஜன். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய அமைப்பு அது என்று 1954-55இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராயத் தொடங்கிய கொலாஜன் மாதிரி, பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போனது. தோல் தொழில் தழைத்த ஊரில் அந்தக் கண்டுபிடிப்பு நடந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

பச்சைத் தோலின் கொலாஜன் ஈரத்தில் 60 டிகிரிக்குச் சற்று மேலே போனால் முறுக்கு அவிழ்ந்து சுருண்டுவிடும். மேலும் கொதித்தால் ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப்பு குடித்த உதடு ஒட்டுகிறதே, அதே பொருள். பதனிடுதல் என்பது இந்தச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளைப் போடும் வேலை. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் காலங்காலமாக இதைச் செய்துவந்தன. இன்று பெரும்பாலும் குரோமியம் உப்பு. அது போட்ட தோல் கொதிநீரைக்கூட ஓரளவு தாங்கும். படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளிகளுக்கு விரிக்கும் மருத்துவச் செம்மறித் தோல் என்று ஒரு வகை உண்டு. அதை 80 டிகிரி வெந்நீரிலேயே துவைக்கலாம், அதற்கென்றே பதனிட்டது.

மறுகோடியில் இருப்பது படிகாரம் போட்டு வெளுத்த பழைய பாணித் தோல். படிகாரம் சங்கிலிகளோடு உறுதியாகப் பிணைவதில்லை. தண்ணீர் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்த பிறகு கையில் இருப்பது பச்சைத் தோல்தான். வெறும் உப்புத் தடவிக் காயவைத்த தோலும் இதே ரகம். ஆகவே துணிச்சலுக்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். 'துவைக்கலாம்' என்று போட்டிருந்தால் துவைக்கலாம். சீட்டு இல்லை, எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை என்றால் தூசி தட்டுவதோடும் ஈரத்துணியால் ரோமத்தை மட்டும் துடைப்பதோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. இதில் பரீட்சை செய்து பார்க்க ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்.

இனி காய்வதற்கு வருவோம். பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால் பலகை மாதிரி ஆகிவிடும் என்பது பதனிடுபவர்களுக்குத் தெரியும். அதனால் கடைசியில் பால்போல் கலக்கிய எண்ணெயை அதற்குள் ஏற்றுவார்கள். கொலாஜன் நார்களுக்கு இடையே அந்த எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கிறது. தோல் வளைவது, நார்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் சோப்பு அழுக்கோடு இந்த எண்ணெயிலும் கொஞ்சத்தைக் கொண்டுபோகிறது. பிறகு தண்ணீர் ஆவியாகும்போது, நார்களுக்கு இடையே எஞ்சிய நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் அவற்றை நெருக்கி இழுக்கிறது. நடுவில் எண்ணெய் இல்லாத இடங்களில் நாரும் நாரும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியது ஒட்டியதுதான், அடுத்த முறை வளைக்கும்போது வழுக்காது, வெடிக்கும். வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து சுருங்க, உள்பக்கம் இன்னும் ஊறி உப்பியிருக்கும். இந்த இழுபறியில் ஓரங்கள் சுருண்டு நடுவே கோணிக்கொள்ளும்.

மருந்து இரண்டு. ஒன்று, மெதுவாகக் காயவிடுவது. நிழல், காற்று, வேண்டுமானால் மின்விசிறி. ஹீட்டரும் முடி உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம். இன்னொன்று, அரை ஈரமாக இருக்கும்போது எடுத்து நாலு பக்கமும் கையால் இழுத்து, மடக்கி, நெளித்துவிடுவது. ஒட்டத் தொடங்கும் நார்களை ஒட்டி முடிப்பதற்குள் பிரித்துவிடும் வேலை இது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை செய்யலாம். பதனிடும் சாலைகளில் இதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சோப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இந்த இழுவைக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

எண்ணெய் குறைந்துவிட்டதே, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். நீரில் கலக்காத வெறும் எண்ணெய் நார்களுக்குள் சீராகப் போகாமல் மேலேயே தங்கி, ரோமத்துக்கு ஏறிப் பிசுக்காகும். போதாக்குறைக்கு அது 24 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். மார்கழியில் ஏற்காட்டுக் குளியலறைகளில் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பொருள்களுக்கு விற்கும் கண்டிஷனரை, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போது அடிப்பக்கத்தில் மட்டும், மெல்லிசாகத் தடவினால் போதும்.

துவைக்கும் வேலை எளிது. முதலில் வெளியே கொண்டுபோய் உதறி, நாய்க்குச் சீவும் கம்பிச் சீப்பால் ரோமத்தைப் பிரித்துவிட வேண்டும். அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். கம்பளித் துணிக்கென விற்கும் திரவச் சோப்பு கொஞ்சம். இல்லாவிட்டால் தலைக்குப் போடும் ஷாம்பு. பட்டு வேட்டியைப் பூந்திக்கொட்டையில் அலசுவது சேலத்துக்குப் புதிதல்ல. பட்டும் புரதம்தான். பூந்திக்கொட்டை நீர் நுரைக்கும், காரமும் இல்லை. ஆகவே கம்பளிக்கும் ஒத்துவரும். ஒரே குறை, வெள்ளை ரோமத்தில் லேசான பழுப்பு ஏறலாம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சேர்வராயன் மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். போர் தண்ணீரில் மக்னீசியமும் கால்சியமும் மிகுந்திருந்தால் சாதாரணக் கட்டிச் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகி ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் ரோமம் சொரசொரப்பாக நிற்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் துவைக்கலாம், அல்லது பிடித்துவைத்த மழைநீரில் அலசலாம். அலசியதும் முறுக்காமல், பழைய துண்டுகளுக்கு நடுவே சுருட்டி அமுக்கி நீரை எடுக்க வேண்டும்.

கறைகளில் மஞ்சள்தான் வில்லன். அதில் சோப்புத்தூளைப் போட்டவுடன் சிவந்துவிடும். பார்ப்பவருக்கு நெஞ்சு திக்கென்றாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான்: மஞ்சளின் குர்குமின் காரத்தில் நிறம் மாறும். நீர் கலந்த வினிகரைத் தொட்டு ஒற்றினால் மறுபடி மஞ்சளாகும், ஆனால் போகாது. குர்குமினைச் சிதைப்பது வெளிச்சம். விரிப்பு முழுதாகக் காய்ந்த பிறகு, கறை உள்ள இடத்தை மட்டும் இளவெயிலில் சில நாள் காட்டினால் மங்கும். ஈரத்தோடு காட்டக் கூடாது. ஈரக் கம்பளி வெயிலின் புற ஊதாக் கதிரில் இன்னும் வேகமாகப் பழுக்கும், ஒரு மஞ்சளைப் போக்கப்போய் இன்னொரு மஞ்சள் வந்து சேரும். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும். காபி சிந்தினால் உடனே ஒற்றியெடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. கம்பளியின் விசித்திரம் அது: தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததாகவே இருக்கும். இழையின் வெளிப்புறத்தில் கொழுப்பு அமிலப் படலம் ஒன்று இருக்கிறது, அது நீர்த்துளியை ஒட்டவிடாது. ஆனால் ஆவி உள்ளே நுழைந்துவிடும். நுழையும்போது கொஞ்சம் வெப்பமும் வெளிப்படும். மூடுபனி நாளில் அதன்மேல் கால் வைத்தால் இதமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அதே குணம், உலர்ந்துவிட்டது என்று நம்பி நாம் மடித்து வைக்கும் விரிப்புக்குள் ஈரத்தை ஒளித்துவைக்கிறது. துவைப்பதற்கு முன் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எடைக்குத் திரும்பும்வரை காய்ந்ததாகக் கணக்கில்லை.

காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தோலில் பூசணம் பிடிக்கும். ஏற்காட்டு மழைக்காலம் முழுக்க அப்படித்தான். அலமாரியில் பெல்ட்டும் ஷூவும் பச்சை பூப்பதை அங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே இருப்பவர்கள் துவைப்பதைத் தை, மாசிக்குத் தள்ளிப்போடலாம். குளிர்ந்த, உலர்ந்த காற்று வீசும் அந்த வாரங்கள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை. கீழே சேலத்திலும் அதே மாதங்கள்தான் சரி. சித்திரையில் நிழல்கூட அவசரப்படுத்தும்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பூசணத்துக்கு விருந்து. பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். பிரித்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. தின்பது அதன் புழு. அதன் குடல் கடும் காரத்தன்மை கொண்டது, கந்தகப் பிணைப்பை அறுக்கும் வேதிச்சூழல் அங்கே இருக்கிறது. பதனிடும் சாலையில் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்து செய்வதை அந்தப் புழு வயிற்றுக்குள்ளேயே செய்துகொள்கிறது. வியர்வையும் உணவுத் துணுக்கும் பட்ட அழுக்குக் கம்பளி என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். ஆகவே அழுக்கோடு மடித்து வைக்கக் கூடாது. அந்துருண்டையின் ஆவி குழந்தைகளுக்கு ஆகாது. புழு வந்துவிட்டதென்று சந்தேகம் இருந்தால் மட்டும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். இல்லையென்றால் காற்றிலுள்ள ஈரம் சில்லிட்ட தோலில் படிந்து நனைத்துவிடும். பிறகு மறுபடி நிழலில் போட்டு இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.