வொர்க்ஃப்ளோ: பணிப்பாய்வா, பணியோட்டமா?

'வொர்க்ஃப்ளோ' ஆலைத் தரையில் வளர்ந்த கருத்து; அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்பதே கேள்வி. வேலையின் ஒவ்வொரு படியையும் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் இணையர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார்கள். பிறகு அலுவலகக் கோப்புகளுக்கும், கடைசியில் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது.

ஆய்வில் இதன் பொருள்: எது எந்தச் செயலுக்குள் போகிறது, என்னவாக வெளிவருகிறது, செய்தவர் யார், எங்கே கிளை பிரிகிறது என்பதன் வரைவு. ஒரு துறையின் அறிவைக் கணினி கையாளும் வடிவில் அமைக்கும் அறிவுப் பொறியியலில் தரவுக் கட்டமைப்பை வடிவமைக்கும் முன் இதைத்தான் வரைய வேண்டும்.

பழம்பொருளின் வயதை அறிய உதவும் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பைப் பாருங்கள். கரித்துண்டை முதலில் அமிலத்தில் கழுவினால் கார்பனேட் போகும். காரத்தில் கழுவினால் மண்ணிலிருந்து ஏறிய ஹியூமிக் அமிலம் போகும். காரம் காற்றிலிருந்து உறிஞ்சிய கார்பன் டை ஆக்சைடை நீக்க மறுபடி அமிலம். அதன்பின் எரித்து, கிடைக்கும் வாயுவைக் கிராஃபைட்டாக்கி, கார்பன் அணுக்களை எண்ணும் கருவியான முடுக்கி நிறைமாலைமானியில் அளப்பார்கள். எலும்பென்றால் பாதையே வேறு, அதிலுள்ள புரதமான கொலாஜனைப் பிரித்தெடுக்க வேண்டும். காரத்தில் மாதிரி முழுக்கக் கரைந்துவிட்டால் திரும்பவும் மாதிரி தேடப் போக வேண்டியதுதான். கிளையும் திரும்பலும் உள்ள இதற்குப் 'பணிவரிசை' என்ற தமிழ்ச்சொல் பொருந்தாது.

வழக்கமான பிழை, இறுதி ஆண்டை மட்டும் பதிவது. அதே அளவீட்டை, அதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் இன்ட்கால்13 வளைகோட்டில் வைத்தால் ஒரு காலவீச்சு, 2020இல் வந்த இன்ட்கால்20இல் வைத்தால் இன்னொன்று வரலாம். ஆகவே வளைகோட்டின் பதிப்பும் வரைவில் தனி உருபொருளாக, அதாவது தனித்துப் பதியப்படும் ஒன்றாக, நிற்க வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013இல் வெளியிட்ட, தரவு உருவான வரலாற்றைப் பதியும் 'புரோவ்' தரத்தில் இதற்கு மூன்றே அடிப்படை வகைகள்: உருபொருள், செயல், செயலர் (செய்தவர்).

இனி தமிழ்ச்சொல். 'செயல்முறை' மிக அகலமானது. 'பணியோட்டம்' காதுக்கு இனிமைதான். ஆனால் நிரலை 'ஓட்டி'ப் பார்க்கிறோம், ஒவ்வொரு தடவையும் ஓர் 'ஓட்டம்'. வகுத்த வழியையும் உண்மையில் நடந்ததையும் பிரித்துப் பதிய வேண்டிய இடத்தில் இரண்டும் ஓட்டமானால் குழப்பம். தமிழகப் பாடநூல்களில் பாய்வுப்படம் ஏற்கெனவே இருப்பதால் 'பணிப்பாய்வு' எளிதில் ஒட்டும். வாய்க்கால் நீர் மடை திறந்த பக்கம் பாய்வதுபோல, நிபந்தனைக்கேற்பப் பிரிவதையும் அச்சொல் தாங்கும். 'பணிப்பாய்வு 2ஆம் பதிப்பு, 7ஆம் ஓட்டம்' என்று எழுதினால் எது திட்டம், எது நடந்தது என்பதில் ஐயமில்லை.