எஃப்.பி.ஐ. வாசலில் நிற்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள்

மறுபடியும் அதே போன். "மேடம், காலையில எஃப்.பி.ஐ.-லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. நானும் காபி குடுத்து எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிட்டேன். இனிமே ஒண்ணும் வராதுல்ல?"

வரும். அந்தக் காபியோடுதான் வழக்கே ஆரம்பித்திருக்கிறது.

நியூ ஜெர்சியில் ஃபெடரல் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடுகிறேன். இன்சைடர் டிரேடிங், அதாவது வெளியில் வராத கம்பெனித் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது, தொடர்பான விசாரணையில் சிக்கி என்னிடம் வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் பேசி முடித்த பிறகுதான் வருகிறார்கள். இவரும் அப்படித்தான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மென்பொருள் பொறியாளர். நண்பர் வேலை பார்க்கும் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கப்போவதாக அறிவிப்பு வருவதற்குச் சில நாள் முன்பு அதன் பங்குகளை வாங்கியிருக்கிறார். "அந்த வாரம் நண்பரோடு பேசினீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டார். பேசியிருக்கிறார். பையனின் பிறந்தநாளுக்கு ஹால் பிடிப்பதைப் பற்றிய பேச்சு அது. ஆனால் யார் யாரோடு பேசினார் என்ற தொலைபேசி அழைப்புப் பட்டியல் அவர்கள் பையில் ஏற்கெனவே இருந்தது. அன்று ராத்திரி வாட்ஸ்அப் முழுவதையும் அழித்திருக்கிறார். அந்தக் கம்பெனி விலைபோகலாம் என்று ஒரு செய்தித்தளத்தில் வெளிவந்த கட்டுரையை, அவர் பங்கு வாங்குவதற்கு முன்பே இன்னொருவர் குழுவில் போட்டிருந்தார். நீதிமன்றத்தில் நான் முதலில் வைத்திருக்க வேண்டிய ஆவணம் அதுதான். அதையும் சேர்த்து அழித்துவிட்டார்.

பங்கு வாங்கியதற்காக அவரைத் தண்டிப்பது கடினமாக இருந்திருக்கும். பொய் சொன்னதற்காகவும் ஆதாரத்தை அழித்ததற்காகவும் தண்டிப்பது கடினமே இல்லை. ஃபெடரல் அதிகாரியிடம் வழக்குக்கு முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எதுவும் வேண்டியதில்லை, உங்கள் வீட்டு வாசற்படியில் நின்று சொன்ன ஒரு வார்த்தை போதும். விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆவணங்களை அழித்தால் 20 ஆண்டு வரை.

தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட்டின் வழக்கைப் பலரும் தப்பாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். 2001 டிசம்பரில் இம்குளோன் என்ற மருந்து நிறுவனத்தின் பங்குகளை விற்று அவர் தவிர்த்த நஷ்டம் ஏறக்குறைய 45,000 டாலர். 2004-இல் அவர் ஐந்து மாதம் சிறைக்குப் போனது அதற்காக அல்ல. இன்சைடர் டிரேடிங் என்று அவர்மேல் குற்றவியல் குற்றச்சாட்டு வைக்கப்படவே இல்லை. விசாரித்தவர்களிடம் பொய் சொன்னது, விசாரணைக்கு இடையூறு செய்தது, அதற்குக் கூட்டுச் சதி செய்தது ஆகியவற்றுக்காகத்தான் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

"நான் தப்பு எதுவும் செய்யவில்லையே, எதற்கு வக்கீல்? வக்கீலைக் கூப்பிட்டால் குற்றவாளி என்று நினைக்க மாட்டார்களா?" என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் கேள்வி இது. படித்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு சிக்கல் வந்தால் எதிரில் உட்கார்ந்து தர்க்கமாக விளக்கித் தீர்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதிகாரிகள் உங்களிடம் வருவது தகவல் தெரிந்துகொள்ள மட்டும் அல்ல. பெரும்பாலும் உங்கள் புரோக்கர் கணக்கும், யாருக்கு எப்போது போன் செய்தீர்கள் என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கும். விடை தெரிந்த கேள்விகளைத்தான் கேட்பார்கள். இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் குறிப்பெடுப்பார். வீட்டு வாசலில் நடக்கும் இந்தப் பேச்சை வழக்கமாக யாரும் ஒலிப்பதிவு செய்வதில்லை. பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து அவர்கள் எழுதும் 302 என்ற அறிக்கைதான் நீங்கள் சொன்னதன் பதிவு. "எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, ஒருவேளை பேசியிருக்கலாம்" என்று நீங்கள் சொன்னது அதில் "பேசவில்லை என்றார்" என்று சுருங்கியிருந்தால், ஒரு வருடம் கழித்து எதை வைத்து மறுப்பீர்கள்? கைது செய்து காவலில் வைத்து விசாரித்தால்தான் உரிமைகளைப் படித்துக் காட்டும் கட்டாயம் உண்டு. சினிமாவில் பார்த்ததை வைத்து "எனக்கு ரைட்ஸ் வாசிக்கவில்லையே" என்று என்னிடம் கேட்பதில் பயனில்லை. நீங்கள் உங்கள் வீட்டு சோபாவில் இருந்தீர்கள்.

சும்மா மௌனமாக நிற்பதும் போதாது. காவலில் இல்லாத ஒருவர் உரிமையை வாய்விட்டுக் கோராமல் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தையே அவருக்கு எதிராகக் காட்டலாம் என்ற தீர்ப்பு 2013-இல் வந்திருக்கிறது. "வக்கீலிடம் பேசாமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். அவர்கள் கார்டை வாங்கிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்துங்கள். சோதனை வாரண்டோடு வந்தால் தடுக்காதீர்கள், வாரண்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டு இருக்கிறது என்பதற்காகக் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் வந்துவிடாது.

இன்னொன்று, உங்கள் கம்பெனி வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல. "நான் கம்பெனிக்காகத்தான் வந்திருக்கிறேன்" என்று பேச்சின் தொடக்கத்தில் அவர் சொல்வது சம்பிரதாயம் அல்ல. நீங்கள் அவரிடம் சொன்னதைக் கம்பெனி நினைத்தால் அரசிடம் கொடுக்கலாம்.

"ஆயிரம் டாலர்தானே, யார் கண்ணில் படும்?" என்கிறார்கள். படும். கம்பெனி இணைப்பு அறிவிப்புகள் வந்தால், அதற்கு முன்பு சந்தேகப்படும்படி வாங்கியவர்களை, பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு அலசுகிறது. வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கம்பெனிக்கு அனுப்பி, "இதில் யாரையாவது உங்கள் ஊழியர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறது. மனைவி பெயரில், மாமனார் பெயரில் வாங்கினாலும் இதே கதைதான். அமேசானின் நிதிப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரின் கணவரும் மாமனாரும், கம்பெனியின் வருமான முடிவுகள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே குடும்பக் கணக்குகளில் அமேசான் பங்குகளை வாங்கி விற்று ஏறக்குறைய 14 லட்சம் டாலர் சம்பாதித்ததாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஸ்.இ.சி. 2020-இல் வழக்குத் தொடுத்தது. கணவருக்கு 26 மாதச் சிறை. ஹூஸ்டனில் ஒருவர், வீட்டிலிருந்து வேலை பார்த்த மனைவி பேசியதைக் காதில் வாங்கி, டிராவல்சென்டர்ஸ் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். மனைவிக்குத் தெரியவே தெரியாது. 17 லட்சம் டாலருக்கு மேல் லாபம். 2024-இல் இரண்டாண்டு சிறை. மனைவி தானாகவே கம்பெனியிடம் போய்ச் சொன்னார், அவருக்கும் வேலை போனது.

"நான் வெறும் ஐ.டி. ஆள், எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை" என்பதும் காப்பாற்றாது. 2017-இல் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் நடந்த தகவல் திருட்டின்போது, பெயர் சொல்லாத ஒரு வாடிக்கையாளருக்காக வலைத்தளம் செய்யச் சொன்னார்கள் அங்கே வேலை பார்த்த ஒரு பொறியாளரிடம். அது தன் கம்பெனிதான் என்று ஊகித்து, விலை இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷன்ஸ் வாங்கினார். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வேலையின் வழியாகத் தெரிய வந்த தகவல், ஊகமாகவே இருந்தாலும், கம்பெனியின் சொத்து.

இதையெல்லாம் படித்துவிட்டு, மாட்டினால் தப்பவே முடியாது என்று நினைக்காதீர்கள். இந்தச் சட்டத்தில் வாதாட நிறைய இடம் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தில் "இன்சைடர் டிரேடிங்" என்றால் இதுதான் என்று எங்கும் வரையறுக்கவில்லை. பொதுவான மோசடித் தடையின் கீழ் நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டியது அது. அதனால் ஒவ்வொரு கல்லையும் அரசு நிரூபித்தாக வேண்டும்: தகவல் வெளியில் வராததா, விலையை அசைக்கும் அளவு முக்கியமானதா, சொன்னவர் யாருக்குக் கடமைப்பட்டிருந்தார், சொன்னதால் அவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் இருந்ததா, வாங்கியவருக்கு அது தெரியுமா. தகவல் பல கை மாறி வந்திருந்தால் கடைசிக் கேள்வியில்தான் வழக்கு நிற்கும். 2014-இல் நியூயார்க்கில் இரண்டு நிதி மேலாளர்களின் தண்டனை இதில்தான் உடைந்தது.

ஆனால் உறவுக்குள் என்றால் கதை வேறு. 2016-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த சல்மான் வழக்கைப் பாருங்கள். சிட்டிகுரூப்பில் வேலை பார்த்தவர் தன் அண்ணனுக்குச் சொன்னார், அண்ணன் அதைத் தம்பியின் மச்சானான சல்மானுக்குச் சொன்னார். பணம் எதுவும் கை மாறவில்லை. பங்கு வாங்கும் சொந்தக்காரருக்குத் தகவலைப் பரிசாகக் கொடுப்பதே ஆதாயம்தான் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நம் வீடுகளில் மச்சானுக்கு ஒரு வார்த்தை சொல்வது பாசம். இங்கே அது குற்றத்தின் ஓர் அங்கம்.

காலியன் என்ற முதலீட்டு நிதி நிறுவனத்தின் வழக்கை நம் ஆட்கள் அடிக்கடி பேசுவார்கள், அதை நடத்திய ராஜ் ராஜரத்தினம் கொழும்பில் பிறந்த தமிழர் என்பதால். 2011-இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி, 11 ஆண்டு சிறை. பல துண்டுத் தகவல்களைச் சேர்த்துச் செய்த ஆராய்ச்சிதான் என்ற அவர் தரப்பு வாதம், ஒட்டுக்கேட்ட உரையாடல்களை ஜூரி கேட்ட பிறகு நிற்கவில்லை. அவருக்குத் தகவல் கொடுத்துவிட்டுப் பிறகு அரசோடு ஒத்துழைத்த, மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் அனில் குமாருக்கு நன்னடத்தைக் காவல் மட்டுமே. தம்பி ரெங்கன் ராஜரத்தினத்தை 2014-இல் ஜூரி விடுவித்தது. ஒரே நிதி நிறுவனத்தைச் சுற்றி மூன்று விதமான முடிவு. ஒத்துழைப்பதா, எதிர்த்து நிற்பதா என்பதைச் சாட்சியங்களைப் பார்த்த பிறகு வக்கீலோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும், வாசலில் நின்று அல்ல.

நான் வாதாட வேண்டும் என்றால் எனக்குக் காகிதம் வேண்டும். அந்தப் பங்கைப் பற்றி நீங்கள் படித்த கட்டுரைகள், பழைய புரோக்கர் அறிக்கைகள், இதே அளவில் இதே மாதிரி முன்பும் வாங்கியிருக்கிறீர்கள் என்று காட்டும் வரலாறு, எப்போது வாங்குவது, விற்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்த 10பி5-1 திட்டம் இருந்தால் அதுவும். எதையும் தொடாதீர்கள். போனில் தானாக மறையும் செய்திகள் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நண்பருக்கு போன் செய்து "நீ என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள், அவர் போனில் வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தமிழில் பேசினால் புரியாது என்று நம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்.

எச்1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், சிறையே இல்லாவிட்டாலும் நாடு கடத்தப்படலாம். 10,000 டாலருக்கு மேல் மற்றவர்களுக்கு நஷ்டம் என்று கணக்கானால் கிரீன் கார்டுகாரருக்கும் தப்பும் வழிகள் பெரும்பாலும் அடைபடும். எதை ஒப்புக்கொள்கிறோம், அதில் என்ன தொகை எழுதப்படுகிறது என்பதைக் குடிவரவுச் சட்டம் தெரிந்தவர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எடுத்துச் சொல்வது உங்கள் வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றமே 2010-இல் சொல்லிவிட்டது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இதைப் படிக்கும்போதே சிலர் பேசி முடித்திருப்பீர்கள், அழித்தும் இருப்பீர்கள். மீட்டெடுக்க நீங்களாக முயலாதீர்கள், அந்த போனை மாற்றாதீர்கள், திருத்திச் சொல்கிறேன் என்று அதிகாரியைத் திரும்ப அழைக்காதீர்கள். வக்கீலிடம் போகும் முதல் நாளே, வெட்கப்படாமல், என்ன சொன்னீர்கள், எதை அழித்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பங்கு வாங்கிய கதையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.