கொரியா இணையும் என்று நம்பிப் பணம் போடுவதற்கு முன்

வெளிநாட்டுச் சந்தைகளில் முதலீடு செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். தென்கொரியா பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், வடக்கும் தெற்கும் ஒண்ணு சேர்ந்தா அந்தப் பங்கெல்லாம் எங்கேயோ போயிடுமே, இப்பவே வாங்கிப் போடலாமா?"

இந்த ஆசை புதிதல்ல. 2014 ஜனவரியில் அப்போதைய தென்கொரிய அதிபர் பார்க் கியூன் ஹேயே இணைப்பை ஒரு ஜாக்பாட் என்று வர்ணித்தார். அந்த ஆண்டே ஒன்றிணைப்பின் பெயரைச் சொல்லி மியூச்சுவல் ஃபண்டுகள் அங்கே விற்பனைக்கு வந்தன. 2018 ஏப்ரலில் அடுத்த தென்கொரிய அதிபர் மூன் ஜே இன், வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன் இருவரும் எல்லையிலுள்ள பன்முன்ஜோமில் கைகுலுக்கியபோது ஹூண்டாய் எலிவேட்டர் பங்கு எகிறியது. லிஃப்ட் செய்யும் கம்பெனிக்கு இதில் என்ன? வடகொரியத் திட்டங்களை நடத்திய ஹூண்டாய் அசானில் அதற்குத்தான் பெரும்பங்கு இருந்தது. 2019 பிப்ரவரியில் டிரம்ப் – கிம் ஹனோய் சந்திப்பு முறிந்த அன்றே அந்தப் பங்கு மளமளவென்று சரிந்தது. ஏறியபோதும் இறங்கியபோதும் அந்தக் கம்பெனியின் லிஃப்ட் வியாபாரத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை.

காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. வடக்கில் இரும்புத்தாது, மேக்னசைட் என்ற கனிமம், நிலக்கரி உண்டு, சம்பளம் குறைவு. தெற்கில் மூலதனம் உண்டு, ஆனால் பிள்ளைகள் இல்லை: 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. இரண்டும் சேர்ந்தால் லாபம் என்று யாருக்கும் தோன்றும். அது உண்மையில் எப்படி நடந்தது என்று பார்க்க ஒரு இடம் இருக்கிறது: கேசோங்.

எல்லைக்கு வடக்கே, சியோலிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் அமைந்த தொழிற்பேட்டை அது. அங்கே செய்த எவர்சில்வர் பாத்திரங்கள் 2004 டிசம்பரில் சியோல் கடைக்கு வந்தபோது மக்கள் ஆசையாக வாங்கினார்கள். போகப் போகத் துணி, செருப்பு, கைக்கடிகாரம் என்று சுமார் 120 தென்கொரியக் கம்பெனிகள், 50,000-க்கும் மேற்பட்ட வடகொரியத் தொழிலாளர்கள். கரண்ட் தெற்கிலிருந்து போனது. சம்பளம் டாலரில் வடகொரிய அரசின் கைக்குப் போனது. தொழிலாளிக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது என்று முதலாளிக்கே தெரியாது. அதனால் தொழிலாளியின் கையிலேயே நேராகக் கொடுக்கக்கூடிய சாக்கோ பை கேக் ஊக்கத்தொகை மாதிரி ஆகிவிட்டது. பலர் அதைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள்.

2013 ஏப்ரலில் வடக்கு தன் தொழிலாளர்களைத் திரும்ப அழைத்தது. தெற்கத்திய மேலாளர்கள் காரின் கூரைமேல்கூட மூட்டை மூட்டையாகச் சரக்கைக் கட்டிக்கொண்டு எல்லை கடந்தார்கள். செப்டம்பரில் மறுபடி திறந்தது. 2016 பிப்ரவரியில், அணுகுண்டுச் சோதனைக்கும் ராக்கெட் ஏவலுக்கும் பிறகு, இந்த முறை சியோலே மூடியது. மறுநாள் வடக்கு எல்லோரையும் வெளியேற்றிச் சொத்துகளை முடக்கியது. இயந்திரமும் தைத்து வைத்த சரக்கும் அங்கேயே நின்றன. இத்தனைக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு, தகராறுத் தீர்வு பற்றிய ஒப்பந்தங்கள் இரு அரசுகளுக்கும் இடையே 2003 முதல் அமலில் இருந்தன. ஆனால் வழக்கு என்று போக ஒரு வாசல் இல்லை. என் தொழிலில் நான் மிகவும் பயப்படுவது இதைத்தான்: ஒப்பந்தம் இருக்கும், நிறைவேற்றித் தர ஆள் இருக்கமாட்டார்கள்.

கிழக்கும் மேற்கும் இணைய ஜெர்மனியில் முடிந்ததே என்பார்கள். 1990-இல் ஒரு கிழக்கு ஜெர்மானியருக்கு நான்கு மேற்கு ஜெர்மானியர்கள் இருந்தார்கள். வருமான வித்தியாசம் இரண்டு, மூன்று மடங்கு என்ற அளவில்தான். கொரியாவில் ஒரு வடகொரியருக்கு இரண்டு தென்கொரியர்கள். தென்கொரிய மத்திய வங்கியின் மதிப்பீட்டில் தலைவருமான வித்தியாசமோ ஏறக்குறைய 30 மடங்கு. அந்த ஜெர்மனியிலேயே 1991-இல் போட்ட ஒற்றுமைக் கூடுதல் வரியை அதிக வருமானக்காரர்கள் இன்னமும் கட்டுகிறார்கள். நிலம் இன்னொரு தலைவலி. கிழக்கில் பழைய உரிமையாளர்களுக்கே சொத்தைத் திருப்பித் தருவது என்று முடிவெடுத்ததால், யாருடையது என்று தீராத மனைகளில் முதலீடு தேங்கியது. வடகொரியா 1946-லேயே நிலத்தைப் பறித்துப் பங்கிட்டது. தெற்கே ஓடிவந்தவர்களின் குடும்பங்களில் பழைய பத்திரங்களை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் தாண்டினாலும் அரசியல் வழிவிட வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிம், தெற்கை எதிரி நாடு என்று அறிவித்து இணைப்புக் கொள்கையையே கைகழுவினார். அடுத்த மாதமே வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் இருந்த ஒன்றிணைப்பு நினைவு வளைவு இடிக்கப்பட்டது. 2024 ஜூனில் ரஷ்யாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார். வணிகத்துக்குச் சீனா இருக்கிறது. இப்படி இருக்கையில் தெற்கின் பணத்துக்காக அவர் இறங்கிவர அவசரம் இல்லை. 2025-இல் தென்கொரிய அதிபராகப் பதவிக்கு வந்த லீ ஜே மியுங், எல்லையில் வடக்கை நோக்கிப் பிரசாரம் செய்த ஒலிபெருக்கிகளை நிறுத்தினார், வடக்கை விழுங்கும் எண்ணம் இல்லை என்றார். பியோங்யாங் அதையும் தட்டிவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. பிரிந்த குடும்பத்தார் என்று தெற்கில் 1,30,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள், பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். நேரில் சந்திக்கவைத்த கடைசி நிகழ்ச்சி 2018 ஆகஸ்டில். இணைப்பு வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். அந்த விருப்பத்தின் மேல் பணத்தைக் கட்டச் சொல்ல மட்டும் என்னால் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? கொரியப் பங்கு வாங்குவதாக இருந்தால் சிப், கப்பல், கார் வியாபாரத்தை மட்டும் வைத்து விலை போடுங்கள். இணைப்புக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்தால் ஐ.நா. தடையைப் பாருங்கள். வடகொரியாவோடு கூட்டுத்தொழில் நடத்துவதையும் அங்கே தைத்த துணியை வாங்குவதையும் பாதுகாப்பு மன்றம் 2017-இல் தடைசெய்தது. அது தளராமல், சியோல் அரசே நினைத்தாலும் கேசோங்கில் பழையபடி ஒரு தையல் மெஷினை ஓட்ட முடியாது. தடை தளர்ந்தால் அப்புறம் கேட்க வேண்டியது, 2016-இல் முடக்கிய சொத்துக்கு யார் நஷ்டஈடு தருவார்கள் என்பது. அதற்கு எழுத்தில் பதில் வந்த பிறகு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.