பழைய எண், புதிய எண்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பல வாசல்களில் இரண்டு எண்கள் இருக்கும்: பழைய எண் 14, புதிய எண் 31. கூரியர்காரர் ஒன்றைக் கேட்பார், பாட்டி இன்னொன்றைச் சொல்வார். லினக்ஸ் என்ற இயங்குதளத்திலும் ஃபைல்கள் இப்படி வீடு மாறியிருக்கின்றன.

மென்பொருளோடு வரும் விளக்கக் குறிப்பு, உரிமம், மாற்றப் பட்டியல் எல்லாம் முன்பு ‘/யூஎஸ்ஆர்/டாக்’ ஃபோல்டரில் இருந்தன. எந்த வகைக் கணினியிலும் மாறாத ஃபைல்களுக்கு ‘ஷேர்’ என்று தனியிடம் வகுத்ததும் முகவரி ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்’ ஆனது. ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை (மென்பொருள் பொட்டலங்களை) ஒரே ராத்திரியில் மாற்ற முடியுமா? 1999-இல் ஒரு வழி கண்டார்கள். இடம் மாறும் பேக்கேஜ், பழைய இடத்தில் புதியதைக் காட்டும் சிம்லிங்க் (குறுக்குவழி) ஒன்றை விட்டுவைக்க வேண்டும். வாசலில் பழைய எண்ணை அழிக்காமல் விடுவதுபோல. அந்த லிங்க்கைப் பேக்கேஜுக்குள்ளேயே வைத்து அனுப்பினால் பலிக்காது. அங்கே ஏற்கெனவே ஃபோல்டர் இருந்தால், பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் டிபிகேஜி அதை எடுத்துவிட்டு லிங்க்கை வைக்காது. ஆகவே இன்ஸ்டால் முடிந்ததும் ஓடும் ‘போஸ்ட்இன்ஸ்ட்’ ஸ்கிரிப்ட் அதைப் போட்டது; நீக்குவதற்கு முன் ஓடும் ‘பிரீஆர்எம்’ எடுத்தது.

பேக்கேஜ் கட்டும்போது இன்னொரு குழப்பம் வரும். ஃபைல்கள் முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் அடுக்கப்படும். அதன் பெயர் ‘டெஸ்ட்டிர்’ என்ற மாறியில் இருக்கும். வீடு மாற்றும்போது பெட்டியின் மேல் எழுதுவது போய்ச் சேரும் வீட்டின் முகவரியைத்தான், வண்டி எண்ணை அல்ல. காப்பி செய்யும் கட்டளையில் மட்டும் டெஸ்ட்டிர் முன்னால் ஒட்டும். ஃபைலுக்குள் பதியும் பாதையில் அது நுழைந்தால், வேறொருவர் கணினியில் அந்தப் பாதை எங்கேயும் போய்ச் சேராது.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். நான் எழுதிய போஸ்ட்இன்ஸ்ட், மாதிரி கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலை ‘ஷேர்/டாக்’கிலிருந்து எடுத்து, அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ‘/இடிசி’யில் வைக்கும். என் லேப்டாப்பில் ஓடியது. டாக்கர் கன்டெய்னரில் (கணினிக்குள் தனித்து ஓடும் சிறு சூழலில்) ‘ஃபைல் இல்லை’ என்று நின்றது. இடத்தை மிச்சப்படுத்த கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் டெபியனின் ‘ஸ்லிம்’ இமேஜ்கள் பெரும்பாலான டாக் ஃபைல்களை விட்டுவிடுகின்றன. தப்பு என்னுடையதுதான். ‘ஷேர்/டாக்’கில் உள்ள எதையும் நம்பி ஒரு பேக்கேஜ் இயங்கக் கூடாது என்று டெபியன் விதியே சொல்கிறது.

மாதிரி ஃபைலை ‘/யூஎஸ்ஆர்/ஷேர்’ அடியில் பேக்கேஜின் சொந்த ஃபோல்டருக்கு மாற்றினேன். டாக் ஃபோல்டரில் இப்போது அதைக் காட்டும் ஒரு சிம்லிங்க் மட்டும் இருக்கிறது.